முழு நிமிஷம்

மழை பிடித்து அன்றோடு ஒன்பது நாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரம் இரண்டில் ஒன்று படுத்துவிட்டது. இன்னொன்று எப்போது படுக்கலாம் என்று முனகிக்கொண்டிருந்தது. ஈரத்துணி மலையாகக் குவிந்து, அந்த வாடை என் தலைமுடி வரைக்கும் ஏறியிருந்தது. வார்டுகளிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து, "அக்கா, போர்வை", "அக்கா, கோட்டு" என்று உயிரை வாங்கினார்கள். "மேல மழைகிட்டப் போய்க் கேளுங்க" என்று எல்லோரையும் விரட்டினேன். இருபத்திரண்டு வருஷம் சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தால் யாருக்கும் வாய் நீண்டுதான் போகும்.

அவர்களில் நான் விரட்டாத ஒரே ஆள் 'முழுநிமிஷம்'தான். அவள் ஆண்கள் பொது வார்டு நர்ஸ். நான் இருக்கும் கட்டடத்தில், மூன்றாவது மாடியில், என் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அவளுடையது. புருஷன் தையல்காரர். ஒன்பது வயதில் ஒரு பெண்.

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குப் பயிற்சிக் காலத்திலேயே ஒட்டிக்கொண்டது. நாடி பார்க்கும்போது மற்றவர்கள் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கிக்கொள்வார்கள். இவள் அறுபது விநாடியும் எண்ணுவாள். "நடுவுல ஒரு துடிப்பு தப்பினா பெருக்கலுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாளாம். கிண்டலாக வைத்த பெயர் நாளடைவில் மரியாதையாகிவிட்டது. தன் பெண்ணுக்குக்கூட அவள் விளையாட்டுப்போல அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் அந்தக் குட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்க, அவள் பின்னாலிருந்து திருத்தினாள்.

"கட்டைவிரல வைக்காத பாப்பா. அதுல உன்னோட துடிப்பே கேக்கும். பெரியம்மாவ எண்ணுறதா நெனச்சு உன்னையே எண்ணிட்டிருப்ப. மூணு விரல் வை. மெல்ல."

அந்த வார்டில் நாற்பத்தாறு கட்டில். அவள் சேர்ந்தபோது ஒரு டூட்டி முறைக்கு ஆறு நர்ஸ்கள் இருந்தார்கள். போனவர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஆறு நாலாகி, நாலு இரண்டாகிவிட்டது. நாற்பத்தாறு பேருக்கு முழு நிமிஷம் எண்ணினால் நாடி எண்ணவே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். காய்ச்சல், பிரஷர், ஊசி, டிரிப்ஸ், கட்டு மாற்றுவது, படுக்கையை நனைத்தவர்களைத் துடைப்பது எல்லாம் அதற்கப்புறம். இதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒவ்வொருவர் சார்ட்டிலும் கட்டம் நிரப்ப வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் மேட்ரனிடமிருந்து மெமோ வரும். கட்டத்தில் இருப்பது நிஜமா என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதனால் வார்டில் ஒரு வழக்கம் வந்தது. முறை ஆரம்பிக்கும்போதே இரண்டு மணி, நாலு மணி, ஆறு மணி, எட்டு மணிக் கட்டங்களை மொத்தமாக நிரப்பிவைத்துவிடுவார்கள். நாடி எழுபத்தெட்டு, காய்ச்சல் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, பிரஷர் நூற்றுப்பத்துக்கு எழுபது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சமைக்கிறது'. "சமைச்சாச்சா?" என்று ஒருத்தி கேட்டால், "அடுப்ப அணைச்சே அரை மணி ஆச்சு" என்று இன்னொருத்தி சொல்வாள். யாராவது இறந்துபோனால் மட்டும், மீதிக் கட்டங்களை அடைத்து மேலிருந்து கீழாக ஒரு சாய்கோடு இழுக்க வேண்டும். சார்ட் அத்தோடு முடிந்தது என்று அதற்குப் பொருள்.

முழுநிமிஷம் ரொம்ப நாள் சமைக்காமல் தாக்குப்பிடித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் லிஃப்டில் என்னைப் பார்த்து, "இன்னைக்கு நானும் சமைச்சிட்டேன்கா" என்றாள். சொல்லும்போது முகம் செத்துக்கிடந்தது.

"இப்பவாவது புத்தி வந்துச்சே. நீ ஒருத்தி எண்ணி யாரு உனக்குச் சிலை வைக்கப்போறா?" என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மழையின் அந்த ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவளுக்குப் பகல் இரண்டு மணி முறை. கூட இருந்த நர்ஸை மூன்று மணிக்கு ஆபரேஷன் அறைக்கு இழுத்துக்கொண்டார்கள். நாற்பத்தாறு பேருக்கு இவள் ஒருத்தி. மூன்றரைக்கு ஒன்பதாம் கட்டில்காரருக்குத் தையல் பிரிந்து ரத்தம் கொட்டத் தொடங்கியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, டாக்டர் வரும்வரை கத்திக் கத்தி, அப்புறம் ரத்தம் ஏற்றி, ஐந்து மணி வரை அங்கிருந்து நகரவில்லை. ஒன்பதாம் கட்டில் பிழைத்தது. அன்றைக்கு வந்த சிவந்த போர்வைகளை நான்தான் ஊறப்போட்டேன்.

பதினேழாம் கட்டிலில் ஒரு பெயிண்டர். வயதானவர், நகக்கண்ணில் இன்னும் நீலச்சாயம் போகாதவர், யாரையும் எதற்கும் கூப்பிடாத மனிதர். ஐந்து இருபதுக்கு அவரைப் பார்க்க வந்த மகள்தான் அப்பா குளிர்ந்துகிடப்பதைக் கண்டாள். டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆறு மணிக்குள் உடலைக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். அந்த அவசரத்தில் முழுநிமிஷம் சாய்கோடு இழுக்க மறந்துவிட்டாள்.

மறுநாள் காகிதங்களில் கையெழுத்துப் போட வந்த மகள், சார்ட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர், நேத்து ஆறு மணிக்கு எங்கப்பாவுக்கு பல்ஸ் எழுபத்தெட்டா?"

முழுநிமிஷம் சார்ட்டை எட்டிப் பார்த்தாள்.

"எட்டு மணிக்கும் எழுபத்தெட்டு போட்டிருக்கு. எட்டு மணிக்கு அவரு ஐஸ் பெட்டியில இருந்தாரு சிஸ்டர்." அந்தப் பெண் சத்தம்கூடப் போடவில்லையாம். "அப்ப நாலு மணிக்கு? நாலு மணிக்காவது யாராவது எங்கப்பாவத் தொட்டுப் பாத்தீங்களா?"

"இல்லம்மா" என்று இவள் சொல்லிவிட்டாள். அதுதான் தப்பு என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். தொட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

விசாரணை அரை மணி நேரம் நடந்தது. எப்படியும் இறந்துதான் இருப்பார் என்றார் ஒரு டாக்டர். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் இன்னொருவர். விளக்கக் கடிதத்தை மேட்ரனே வாசகம் சொல்லி எழுதவைத்தார். இது வார்டின் வழக்கம் அல்ல, என் தனிப்பட்ட கவனக்குறைவு. அவள் கையெழுத்துப் போட்டாள். அவள் உண்மையைச் சொன்னால் வார்டின் மற்ற நர்ஸ்கள் பிழைப்பிலும் மண் விழும், அது அவளுக்குத் தெரியும். இரண்டு வாரம் கட்டாய விடுப்பு. திரும்பி வரும்போது பணிக்குத் தகுதி என்று டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொண்டுவர வேண்டும். கடிதம் எழுதிய அன்றே பகல் இரண்டு மணிக்கு அந்த வார்டில் வழக்கம்போலச் சமைத்தார்கள்.

முதல் நான்கு நாள் எதிர்க்கதவு திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் நின்றாள். "கையக் கொடுங்கக்கா" என்றாள். கொடுத்தேன். மூன்று விரல் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் முழு நிமிஷம் எண்ணினாள். "எண்பத்திரெண்டு. போய்ட்டு வாங்க." சாயங்காலம் திரும்பும்போதும் அதே. பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கையை நீட்டிப் பழகிவிட்டேன்.

விடுப்பின் இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை தையல்காரர் மாடிப்படியில் என்னை மறித்தார். சாதுவான மனிதர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை.

"அக்கா, ஒரு விஷயம்."

"என்னப்பா, மூஞ்சி மழையில நனஞ்ச தலகாணி மாதிரி இருக்கு?"

"நேத்து அவ கடைக்கு வந்துட்டாக்கா. மெஷின நிறுத்தச் சொல்லி, துணி கொடுக்க வந்தவங்க முன்னாடியே கையப் பிடிச்சு எண்ணுறா. ரெண்டு மணிக்கு ஒருதரம், நாலு மணிக்கு ஒருதரம்."

"கட்டின பொண்டாட்டி கையப் பிடிச்சா கசக்குதா உனக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "பாப்பா ஸ்கூலுக்கும் போயிருக்கா. கேட்டுல நிக்க வச்சு வாயில தெர்மாமீட்டர். கூட இருந்த பிள்ளைங்க சிரிச்சிருக்குதுங்க. அது வீட்டுக்கு வந்து அழுது. ஆனா அம்மா கேக்கும்போது கையக் கொடுத்துடுது. கொடுக்கலன்னா அவளுக்கு உடம்பு நடுங்குதுக்கா."

"சாப்பிடுறாளா?"

"எங்களுக்குப் போடுறா. அவ தட்டு எப்பக் கழுவினாலும் காஞ்சே இருக்கு."

"டாக்டர்கிட்டக் காட்டு."

"எந்த டாக்டர்கிட்ட?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மனசுக்குப் பாக்குற டாக்டர் சீட்டு ஒண்ணு ஃபைல்ல ஏறிடுச்சுன்னா அப்புறம் வார்டுப் பக்கமே விடமாட்டாங்க. அவளுக்கு அந்த வேலைதான் எல்லாம். வீட்ல சும்மா உக்காந்திருக்கறதுனாலதான் இப்படி. திங்கக்கிழமை டூட்டிக்குப் போனா தானா சரியாயிடும். அந்த சர்ட்டிஃபிகேட்தான்..."

"அத நான் வாங்கித் தரேன், விடு" என்றேன். பெரிய மனுஷி அல்லவா நான்!

சனிக்கிழமை காலையில் நீளக்கோட்டு டாக்டர் சலவைக்கூடத்துக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே வரை கோட்டு போடுகிறவர், அதில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. மழைக்காலத்திலும் அவருக்கு மட்டும் நான் உலர்ந்த கோட்டு ஒதுக்கிவைப்பேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆள் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கா டாக்டர்."

"தூக்கம், சாப்பாடு?"

"எல்லாம் நல்லபடியா."

இஸ்திரி மேசைமேல் காகிதத்தை வைத்து எழுதினார். இவரை இன்று பரிசோதித்தேன், பணிக்கு முழுத் தகுதியுடன் இருக்கிறார். கீழே கையெழுத்து, முத்திரை. கோட்டைச் சூட்டோடு மடித்துக் கொடுத்தேன். எல்லாம் நாலு நிமிஷத்தில் முடிந்தது. காரியத்தைச் சாதித்துவிட்டோம் என்று எனக்கு அன்று முழுக்க ஒரு மிதப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். அவளுடைய வெள்ளைச் சீருடையை நானே இஸ்திரி போட்டு, சீட்டை மேலே வைத்து எடுத்துக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினேன். திறந்துதான் இருந்தது. தையல்காரரும் பாப்பாவும் நோட்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் மழை அடித்துத் தண்ணீர் உள்ளே ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"எல்லாம் ரெடி. நாளைக்கு நீ ராணி மாதிரிப் போற" என்றேன்.

"வைங்கக்கா."

சீருடையை மாட்ட இடம் தேடி, சுவரோடு சாய்ந்திருந்த சமையலறைக் கதவை இழுத்தேன். கதவின் உள்பக்கத்தில் நாலு தாள்களை ஒட்டிக் கோடு போட்டு ஒரு சார்ட் வைத்திருந்தாள். மேலே நாலு தலைப்பு. அவர், பாப்பா, எதிர்வீட்டு அக்கா, நான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம்.

எங்கள் மூன்று பேர் கணக்கும் கோணல்மாணலாக இருந்தது. எனக்குக் காலை, மாலைக் கட்டங்களில் மட்டும் எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது, ஒரு இடத்தில் தொண்ணூற்றாறு, பக்கத்தில் பொடியெழுத்தில் 'படியேறி வந்தவுடன்'. பாப்பாவுக்கு ஒரு நாள் 'அழுதிருக்கிறாள்' என்று இருந்தது. ஒவ்வொன்றும் எண்ணி எழுதியது என்று பார்த்தாலே தெரிந்தது.

'நான்' என்ற வரிசையில் எழுபத்தெட்டு. அதன் கீழே எழுபத்தெட்டு. அதன் கீழேயும் எழுபத்தெட்டு. ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியது. இன்றைக்கு எட்டு மணிக் கட்டம்கூட நிரம்பியிருந்தது. இப்போது மணி மூன்று.

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் காலிக் கட்டங்கள். அவள் வரிசையில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு சாய்கோடு.

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"என்னடி இது?"

"எது?"

"அந்தக் கோடு."

அவள் முட்டையைத் தண்ணீரில் அலசினாள். "காலியா விட்டா மெமோ வரும்லக்கா."

"விளையாடாத." ஊர்வம்பு எல்லாம் நாக்கில் வைத்திருக்கிறவள், இந்த ஒரு கேள்விக்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. "செத்துப்போயிடலாம்னு நெனக்கிறியா?"

அவள் கை நின்றது. அலசின முட்டையைத் தட்டில் வைத்தாள். அப்புறம், "ஆமாக்கா" என்றாள். ஒளிக்காமல், யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "பத்து நாளா அதுதான் நெனப்பு. எழுந்தா அது, படுத்தா அது. நாளைக்கு அந்த வார்டு வாசல்ல காலை வைக்கிறதா நெனச்சாலே மூச்சு நிக்குது. போகமாட்டேன்னு சொல்லவும் முடியல. அவர் அவ்வளவு ஆசையா சீருடைக்குப் பட்டன் தச்சாரு."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? தினம் ரெண்டு வேளை என் கையப் பிடிச்சியே."

"நீங்க கேக்கலையேக்கா." குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "யாருமே கேக்கல. எல்லாரும் திங்கக்கிழமை சரியாயிடும்னாங்க. இதோ, டாக்டரே பரிசோதிச்சேன்னு எழுதிட்டாரு. அவர் மூஞ்சிய நான் பாத்தே நாலு மாசம் ஆச்சு. அந்தப் பெயிண்டர் ஐயாவுக்கு நான் செஞ்சதும் இதானே."

சீட்டு என் மடியில் இருந்தது. அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. நல்லா இருக்கா டாக்டர் என்று சொன்னது இந்த வாய்தான். எல்லாம் நல்லபடியா என்று சமைத்துப் போட்டதும் இதுவேதான்.

"கையக் கொடு" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுக்கா."

"கொடுடி."

ஈரக்கையை நீட்டினாள். பிடித்தேன். "கட்டைவிரல எடுங்க" என்றாள். எடுத்தேன். மூன்று விரலை அவள் தன் இடது கையால் நகர்த்திச் சரியான இடத்தில் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். இருபதிலேயே தடுமாறியது, அவ்வளவு வேகம்.

"மறுபடி ஆரம்பிங்க. முழு நிமிஷம். பெருக்காதீங்க."

மறுபடி ஆரம்பித்தேன். அந்த நிமிஷம் முடியவே மாட்டேன் என்றது. பாதியில் ஒரு துடிப்பு காணாமல்போய், அடுத்தது ஓங்கி அடித்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பதாவது விநாடியில் அவள் உதடு கோணிக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் எண்ணுவதை விடவில்லை. நூற்று இருபத்தாறு.

அப்போதுதான் தையல்காரரும் பாப்பாவும் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எங்கள் இருவரையும் தரையில் பார்த்து அவர் அப்படியே நின்றார்.

"சட்டைய மாத்தாத. இப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றேன்.

"நாளைக்குத்தானேக்கா டூட்டி?"

"டூட்டிக்கில்ல. காட்டுறதுக்கு. அவ சாகணும்னு நெனச்சிட்டிருக்கா. எங்கிட்ட சொல்லிட்டா."

அவர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "அங்க எல்லாரும் தெரிஞ்சவங்க. ஃபைல்ல..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் கழுத்திலிருந்த அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் என்ன, வேலைதான் முக்கியம்னா சொல்லப்போறேன்?" என்று அழுதார். அதைத்தான் சொல்லியிருந்தார். அப்போது அதைச் சொல்லிக்காட்டுகிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. சீட்டை நாலாகக் கிழித்து முட்டை ஓட்டோடு போட்டேன்.

பாப்பாவை என்னோடு அணைத்துக்கொண்டு, நாலு பேரும் இரண்டு குடையில் போனோம்.

அவசரப் பிரிவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மழைக்காய்ச்சல், வழுக்கி விழுந்த எலும்பு, இருமல், அழுகை. பதிவு மேசையில் ஒரே ஒரு நர்ஸ். எனக்குத் தெரிந்த முகம்தான், ஆனால் கண் உள்ளே போய் ஆளே மாறியிருந்தாள். அரை மணி நேரம் நின்று எங்கள் முறை வந்தது. அவள் நிமிரவில்லை. "பேரு? வயசு? என்ன பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே பேனா முன்னால் ஓடியது. காய்ச்சல் கட்டத்தில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நாடிக் கட்டத்தில் எழுபத்தெட்டு. எழுதி முடித்துச் சீட்டை நகர்த்தினாள்.

எனக்குத் தலைக்கு ஏறியது. என் வாயிலிருந்து என்ன வந்திருக்குமோ தெரியாது. முழுநிமிஷம் என் கையை அழுத்தினாள். அந்த எழுபத்தெட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசைமேல் தன் கையைத் திருப்பிவைத்தாள்.

"எண்ணிப் பாரும்மா" என்றாள். "உனக்கு நேரமில்லன்னு எனக்குத் தெரியும். எனக்காக ஒருதடவ முழு நிமிஷம் எண்ணு. இல்லன்னா நாளைக்கு நான் இருக்கமாட்டேன்."

அந்த நர்ஸ் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அய்யோ, சிஸ்டர், நீங்களா?" என்றாள். பின்னாலிருந்த வரிசை முணுமுணுத்தது. அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு, மூன்று விரலை வைத்து, சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள்.